எங்களையும் கேளுங்கள்: வேலைத்தலத்தில் மாற்றம் வரும்போது



"காலம் மாறிப்போச்சு" என்று சொல்லாத வீடு எந்த லயத்திலும் இல்லை. தாத்தா பாட்டி காலத்தில் வெள்ளைக்காரத் துரை இருந்தார். 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992 இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளிடம் போனது. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று சம்பள நிர்ணய சபை மூலம் தீர்மானமானபோது, சந்தோஷத்தோடு கூடவே "அப்போ எத்தனை கிலோ கேப்பாங்க?" என்ற கேள்வியும் பிரட்டுக்களத்தில் எழுந்தது. தொங்கு தராசு இருந்த இடத்தில் மின் தராசு வருகிறது. கையால் பறித்த மலையில் கொழுந்து வெட்டும் கத்தரி வருகிறது. சில தோட்டங்களில் ஒரு துண்டு மலையைக் குடும்பத்திடம் ஒப்படைத்துக் கொழுந்துக்குக் காசு கொடுக்கும் முறையும் வந்திருக்கிறது.

இவற்றில் எது நல்லது, எது கெட்டது என்று இந்தப் பாடத்தில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அது ஒவ்வொரு தோட்டத்திலும் வேறுபடும். ஒரு மாற்றம் வரும்போது மனிதர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள், அந்த மாற்றத்தை எப்படிக் கொண்டுவந்தால் அது நிலைக்கும், தொழிலாளர்களாகிய நாம் அந்த வேளையில் என்ன கேட்க வேண்டும் என்பதையே பார்க்கப் போகிறோம். இதைப் படித்த பிள்ளைகள் "நிறுவன நடத்தை" என்று சொல்வார்கள். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பல பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் மனிதர் மனம் எப்படி ஓடுகிறது என்பதுதான் அது.

தீவகத்துக்குப் போய் வருவோம்

நம்ம வீட்டுச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நமக்குச் சட்டென்று தெரியாது. அடுத்த வீட்டுச் சண்டை என்றால் நன்றாகத் தெரியும். அதனால் முதலில் நம் மலைகளை விட்டுக் கொஞ்சம் தூரம் போவோம். நாட்டின் வடக்கு முனையில், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள தீவுகளுக்குப் போவோம்.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் கடலைக் கடந்தால் வேலணைத் தீவு. அந்தத் தீவின் மறு கரையில் பழைய துறைமுகமான ஊர்காவற்றுறை இருக்கிறது. வேலணையிலிருந்து இன்னொரு பாலத்தால் புங்குடுதீவுக்குப் போகலாம். அங்கே குறிகாட்டுவான் துறையோடு தரைப்பாதை முடிந்துவிடும். அதற்கு அப்பால் படகுதான். நயினாதீவு கிட்டத்தில் இருக்கிறது. நெடுந்தீவுக்குப் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். கடல் கொந்தளித்தால் அதுவும் நிச்சயமில்லை.

இந்தத் தீவுகளில் வாழ்கிறவர்களுக்குப் படகு நேரம் என்பது நமக்குப் பிரட்டு நேரம் போல. காலைப் படகு நேரத்தை அரை மணி முன்னுக்கு வைப்பதாக ஒரு கந்தோரில் எழுதிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவருக்கு அது ஒரு வரி. ஆனால் அக்கரையிலிருந்து வருகிற ஆசிரியர் அரை மணி முன்னதாக எழும்ப வேண்டும். மீன் கொண்டு போகிறவர் ஐஸ் போடும் நேரத்தை மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணித் தாய் முதல் நாளே உறவுக்காரர் வீட்டில் போய்த் தங்க வேண்டி வரலாம். ஒரு நேரம் மாறினால் நூறு வீட்டின் அடுப்பு எரிகிற நேரம் மாறுகிறது.

மேசையில் இருந்து பார்க்கும்போது ஒரு மாற்றம் சின்னதாகத் தெரியும். அதைச் சுமக்கிறவரிடம் போய்ப் பார்த்தால்தான் அதன் உண்மையான பாரம் தெரியும். இது முதல் பாடம்.

பனையும் தவறணையும்

இனித் தீவகத்தின் ஒரு தொழிலைப் பார்ப்போம். நெடுந்தீவு முதல் வேலணை வரை எங்கு பார்த்தாலும் பனை. அந்தப் பனையில் ஏறிப் பாளையைச் சீவிக் கள் இறக்குவது யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலும் பல தலைமுறையாக நடந்துவரும் தொழில். குடியின் நன்மை தீமை வேறு பாடம். இங்கே நாம் பார்ப்பது அந்த வேலை நடக்கும் முறையை மட்டும்தான்.

சீவல் தொழிலாளி காலையிலும் மாலையிலும் மரம் ஏறுகிறார். காலில் தளைநார், இடுப்பில் பாளைக்கத்தி, மேலே முட்டி. பாளையின் நுனியை ஒவ்வொரு நாளும் மெல்லிசாகச் சீவ வேண்டும். சில நாள் விட்டுவிட்டால் பாளை காய்ந்து ஊறல் நின்றுவிடும். நம் கொழுந்தும் அப்படித்தானே? ரவுண்டு தப்பினால் முற்றிப்போகும். இறக்கிய கள் நேரம் போகப் போகப் புளிக்கும். மடுவத்தில் தேங்கிய கொழுந்து சூடேறிக் கெட்டுப்போவது போல. கள்ளுக்கு அளவு, கொழுந்துக்கு நிறை. இரண்டு தொழிலிலும் அன்றைய கூலி அன்றைய அளவில் நிற்கிறது. ஒரு வித்தியாசம் என்னவென்றால், அங்கே கை தவறினால் விழுவது பனை உயரத்திலிருந்து.

முன்பு அரசாங்கம் தவறணைகளை ஏலத்தில் விட்டது. ஏலம் எடுத்தவர் குத்தகைக்காரர். கள் இறக்குகிறவர் அவரிடம்தான் கொடுக்க வேண்டும். விலை சொல்வது அவர், அளப்பதும் அவருடைய ஆள். மரம் பெரும்பாலும் இன்னொருவருடைய காணியில் நிற்பது. அதற்கும் காசு கட்ட வேண்டும். சாதியின் பெயரால் தாழ்த்தி வைக்கப்பட்ட குடும்பங்களே இந்தத் தொழிலைச் செய்தபடியால், "அளவு குறையுதே" என்று வாய் திறப்பதும் இலகுவாக இருக்கவில்லை.

1970 களின் தொடக்கத்தில் இந்த முறை மாறத் தொடங்கியது. சீவல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. தவறணைகளை நடத்தும் பொறுப்பு அந்தச் சங்கங்களுக்கு வந்தது. பனைத் தொழில்களை வளர்ப்பதற்கென்று 1978 இல் பனை அபிவிருத்திச் சபையும் உருவானது. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் என்ற பெயர்ப்பலகையை யாழ் மாவட்டத்தில் இன்றும் காணலாம்.

இந்த மாற்றத்தில் மாறாதவை எவை என்று முதலில் எண்ணுங்கள். மரம் மாறவில்லை. கத்தி மாறவில்லை. ஏறுகிற உயரமும் குறையவில்லை. மாறியது என்ன? அளக்கிற இடம் தொழிலாளரின் சொந்தச் சங்கம் ஆனது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் அவருக்கு உரிமை வந்தது. பொதுக்கூட்டத்தில் ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு. நேற்று வரை கள்ளுமுட்டியோடு வாசலில் நின்றவர் இன்றைக்குக் கதிரையில் இருந்து கை தூக்கித் தீர்மானம் எடுக்கிறார்.

வேலை அதே வேலைதான். ஆனால் வேலையில் அவருடைய இடம் வேறு. சங்கங்கள் அரை நூற்றாண்டு தாண்டியும் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். 1990, 1991 யுத்தத்தில் தீவக மக்கள் வீட்டையும் பனையையும் விட்டுவிட்டு இடம்பெயர நேர்ந்தது. அப்படிப்பட்ட காலத்தையும் இந்தக் கூட்டுறவு அமைப்பு தாண்டி வந்திருக்கிறது. கள் புளித்துப் போகும் பிரச்சினைக்கும் ஒரு வழி தேடினார்கள். போத்தலில் அடைத்து விற்கும் தொழிலைச் சங்கங்கள் கையில் எடுத்தன.

ஆனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மரத்திலிருந்து விழும் ஆபத்து இருக்கிறது. இளம் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரத் தயங்குகிறார்கள். இன்னொன்றும் உண்டு. உரிமை வந்தால் அதோடு வேலையும் வரும். எந்தச் சங்கமாக இருந்தாலும், அங்கத்தவர் கூட்டத்துக்குப் போகாமல், கணக்கு வாசிக்கும்போது காது கொடுக்காமல் இருந்தால், குத்தகைக்காரர் எழும்பிய கதிரையில் வேறொருவர் வந்து அமர்ந்துவிடுவார். பெயர் மட்டும் மாறியிருக்கும்.

மனிதர் ஏன் மாற்றத்தை எதிர்க்கிறார்கள்?

"நம்ம ஆளுங்க புதுசா எது வந்தாலும் வேணாம்பாங்க" என்று சிலர் சொல்வதுண்டு. இது சரியான பேச்சல்ல. கைத்தொலைபேசி வந்தபோது யாராவது வேண்டாம் என்றோமா? காஸ் அடுப்பு வாங்க முடிந்தவர்கள் விறகு அடுப்போடுதான் இருப்பேன் என்று அடம்பிடித்தார்களா? மனிதர்கள் எல்லா மாற்றத்தையும் எதிர்ப்பதில்லை. ஒரு மாற்றத்தால் தமக்கு இழப்பு வரும் என்று நினைக்கும்போதுதான் எதிர்க்கிறார்கள். அந்த இழப்பு நான்கு வகையானது.

ஒன்று, வருமான இழப்பு. "இந்த முறையில எனக்கு அரைப் பேர்தான் விழும்" என்ற பயம்.

இரண்டு, கைத்திறமையின் இழப்பு. இருபது வருடம் இரண்டு இலை ஒரு மொட்டு என்று விரலால் பழகியவர் கையில் திடீரென்று ஒரு கத்தரியைக் கொடுத்தால், நேற்று வந்த பிள்ளையும் அவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். இது காசை விட ஆழமாகச் சுடும்.

மூன்று, கூட்டாளிகளின் இழப்பு. ஒரே நிரையில் பேசிப் பேசிக் கொழுந்தெடுத்தவர்களை வேறு வேறு மலைக்குப் பிரித்தால், வேலையின் பாரம் இரண்டு மடங்காகத் தெரியும்.

நான்கு, மரியாதை இழப்பு. "நம்மள ஒரு வார்த்தை கேக்கல" என்பதுதான் இது. மேலே உள்ள மூன்று பயமும் உண்மையாகாமல் போனாலும், இந்த ஒன்று மட்டும் மாற்றத்தைக் கெடுத்துவிடப் போதும்.

ஒரு பைஜாமா ஆலையில் செய்த சோதனை

"கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன? வேலை வேலைதானே" என்று சிலர் நினைக்கலாம். இதை நேரில் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் மரியன் என்ற ஊர். அங்கே ஹார்வூட் என்ற கம்பனி பைஜாமா தைத்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். எத்தனை உருப்படி முடித்தார்களோ அதற்குத் தக்க காசு. நம் கிலோக் கணக்குப் போலத்தான். அங்கே வேலை முறையை மாற்றும் ஒவ்வொரு முறையும் உற்பத்தி விழுந்தது, கோபம் எழுந்தது, பலர் வேலையை விட்டுப் போனார்கள். இது ஏன் என்று லெஸ்டர் கோச், ஜோன் பிரெஞ்ச் என்ற இருவர் ஆராய்ந்து 1948 இல் எழுதினார்கள்.

அவர்கள் தொழிலாளர்களைப் பிரித்து மூன்று விதமாக மாற்றத்தைக் கொண்டுவந்தார்கள்.

முதல் குழுவுக்கு வழக்கமான முறை. கூட்டம் வைத்து, "இனி இப்படிச் செய்ய வேண்டும், புதிய கூலிக் கணக்கு இது" என்று சொன்னார்கள். கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார்கள். ஆனால் தீர்மானம் முன்பே எடுத்தாயிற்று.

இரண்டாவது குழுவிடம் முதலில் பிரச்சினையைக் காட்டினார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்த இரண்டு உடுப்புகளை முன்னால் வைத்து, "ஒன்றின் விலை மற்றதைப் போல் இரண்டு மடங்கு. எது என்று சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். யாராலும் சொல்ல முடியவில்லை. செலவைக் குறைக்க வேண்டிய அவசியம் அப்போது எல்லோருக்கும் விளங்கியது. பிறகு அந்தக் குழு சிலரைத் தெரிவுசெய்தது. அவர்கள் புதிய முறையை முதலில் பழகி, கூலிக் கணக்குப் போடவும் உதவி, மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

மூன்றாவது வகையில் இரண்டு சிறு குழுக்கள். அங்கே பிரதிநிதிகள் இல்லை. எல்லோருமே கூடி வேலை முறையை அமைத்தார்கள். எழுதிக்கொள்ள முடியாத அளவுக்கு யோசனைகள் வந்து குவிந்தனவாம்.

என்ன நடந்தது? முதல் குழுவின் உற்பத்தி விழுந்தது, விழுந்த இடத்தில் கிடந்தது. முதல் 40 நாளுக்குள் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டுப் போனார்கள். கூலிக் கணக்கு அநியாயம் என்று முறைப்பாடும் எழுந்தது. இரண்டாவது குழு இரண்டு கிழமையில் பழைய அளவுக்கு வந்துவிட்டது. அவர்கள் "எங்க வேலை, எங்க கணக்கு" என்று பேசினார்கள். அந்த 40 நாளில் ஒருவரும் போகவில்லை. மூன்றாவது வகைக் குழுக்கள் சில நாளிலேயே பழைய அளவுக்கு ஏறி, பின்னர் அதைவிடவும் நூற்றுக்கு 14 பங்கு கூடுதலாகச் செய்தன.

இங்கே ஒருவர், "முதல் குழுவில் இருந்தவர்கள் இயல்பிலேயே முரடர்களாக இருந்திருப்பார்கள்" என்று சொல்லலாம். அதற்கும் பதில் உண்டு. சில மாதங்களுக்குப் பின், முதல் குழுவில் எஞ்சியிருந்தவர்களையே வேறொரு வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை அவர்கள் எல்லோரையும் கேட்டுச் செய்தார்கள். அதே ஆட்கள் விரைவில் பழகி, முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். சண்டை இல்லை. ஆள் மாறவில்லை, கேட்ட விதம்தான் மாறியது.

அகமதாபாத்திலும் நோர்வேயிலும்

நமக்கு இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம். இந்தியாவின் அகமதாபாத்தில் கலிக்கோ ஆலை. 1952 இல் அங்கே தானியங்கித் தறிகளைப் போட்டார்கள். இயந்திரம் புதிது, ஆனால் எதிர்பார்த்த துணி வரவில்லை. காரணம், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டைக் கொடுத்திருந்தார்கள். யாருடைய தறி, யாருடைய பொறுப்பு என்பதே குழப்பம். 1953 இல் இலண்டனிலிருந்து வந்த ஏ. கே. ரைஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு யோசனை சொன்னார். சிறு குழு ஒன்று, அதற்குச் சொந்தமாகச் சில தறிகள். யார் எந்தக் குழுவில் என்பதை மேலே இருந்து யாரும் எழுதவில்லை. தொழிலாளர்களே தங்களுக்குள் கூடிக் குழு அமைத்தார்கள். ஏழு பேர் கொண்ட குழு 64 தறிகளைப் பார்த்துக்கொண்டது. உற்பத்தி உயர்ந்தது, துணிச் சேதம் குறைந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஹார்வூட் ஆலையில் செய்த சோதனையை நோர்வே நாட்டில் ஒரு பாதணித் தொழிற்சாலையில் மறுபடி செய்து, 1960 இல் எழுதினார்கள். அங்கே உற்பத்தியில் வித்தியாசம் தெரியவில்லை. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, தொழிலாளர்களிடம் விடப்பட்ட தீர்மானங்கள் உற்பத்தியோடு அவ்வளவாகச் சேர்ந்தவை அல்ல என்பது. பெரிய விஷயத்தை மேலே முடித்துவிட்டு, சின்ன விஷயத்தில் "உங்க யோசனை என்ன?" என்று கேட்டால், தொழிலாளிக்கு அது விளங்காமல் போகுமா? கூட்டம் வைத்தால் போதாது. கூட்டத்தில் சொன்னது தீர்மானத்தில் தெரிய வேண்டும்.

நாற்றுமேடை சொல்லும் பாடம்

கேர்ட் லெவின் என்ற அறிஞரின் பெயரை இந்தத் துறையில் அடிக்கடி கேட்கலாம். ஹார்வூட் ஆலைக்கு ஆலோசனை சொன்னவரும் அவரே. மாற்றத்துக்கு மூன்று கட்டம் உண்டு என்று அவர் 1947 இல் எழுதினார். முதலில் பழைய பழக்கம் இளக வேண்டும். அடுத்து மாற வேண்டும். பிறகு புதியது உறைந்து நிலைக்க வேண்டும். இதைப் பனிக்கட்டியை வைத்து விளக்குவார்கள். நமக்குத் தேயிலை நாற்றே போதும்.

நாற்றுமேடையில் வளர்ந்த கன்றை அப்படியே பிடுங்கி வெயில் மலையில் நடுவோமா? முதலில் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கன்றைப் பழக்குகிறோம். பிறகு வேர் கலையாமல் குழியில் வைக்கிறோம். நட்ட பிறகும் மண்ணை அணைத்து, நிழல் கொடுத்து, காய்ந்த இடத்தில் மறுகன்று வைக்கிறோம். ஒரு கன்றுக்கே இவ்வளவு பக்குவம் வேண்டும் என்றால், இருபது வருடம் வேரோடிய மனிதருக்கு எவ்வளவு வேண்டும்?

பெரும்பாலான இடங்களில் நடுவில் உள்ள கட்டம் மட்டும்தான் நடக்கிறது. முன்னால் பழக்குவதும் இல்லை, பின்னால் அணைப்பதும் இல்லை. பிறகு "கன்று சரியில்லை" என்று குறை சொல்கிறோம்.

இரண்டு விதமான காலைப் பிரட்டு

ஒரே மாற்றம், இரண்டு விதமாக. இவை கற்பனைப் பேச்சுகள்தான், ஆனால் கேட்ட மாதிரி இருக்கும்.

முதலாவது:

"நாளையிலேர்ந்து புதுத் தராசு. எல்லாரும் அதுலதான் நிறுக்கணும்."

"ஏங்க கங்காணி, பழைய தராசுக்கு என்ன வந்துச்சு?"

"மேலேர்ந்து சொல்லிட்டாங்க. எனக்கு என்ன தெரியும்?"

இரண்டாவது:

"அடுத்த மாசம் புதுத் தராசு வருது தங்கச்சி. அதுக்கு முன்னால ஒரு கிழமை ரெண்டு தராசுலயும் நிறுத்துப் பாப்போம். வித்தியாசத்த நீங்களே பாருங்க."

"சாக்குக்கும் தண்ணிக்கும் எவ்வளவு கழிப்பாங்க அண்ணே?"

"அத எழுதி மடுவத்துல ஒட்டச் சொல்லியிருக்கேன். உங்கள்ல ரெண்டு பேரு வந்து தராசப் படிக்கப் பழகிக்கங்க. மத்தவங்களுக்கு நீங்க சொல்லிக் குடுக்கலாம்."

முதல் பிரட்டில் புதிய தராசு சரியாகவே நிறுத்தாலும் சந்தேகம் போகாது. இரண்டாவது பிரட்டில் தராசில் பிழை இருந்தாலும், அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

தொழிலாளர்கள் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

மாற்றம் வரப்போகிறது என்று தெரிந்தவுடன் "வேணாம்" என்றோ "சரி" என்றோ சொல்வதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

1. இந்த மாற்றம் எதற்காக? என்ன பிரச்சினையைத் தீர்க்க?

2. ஒரு நாள் பேருக்கு எத்தனை கிலோ? மழை நாளிலும் வரட்சிக் காலத்திலும் அதே அளவா?

3. பழகும் காலத்தில் அளவு குறைந்தால் சம்பளம் குறையுமா? எத்தனை கிழமை பொறுப்பார்கள்?

4. யார் கற்றுக் கொடுப்பார்கள்? வயதானவர்களுக்கும் முதுகுவலி உள்ளவர்களுக்கும் என்ன ஏற்பாடு?

5. சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம் இவற்றில் மாற்றம் உண்டா? மலையைக் குடும்பத்திடம் கொடுக்கும் முறை வந்தால் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

6. கணக்கை நாங்கள் எங்கே, எப்போது பார்க்கலாம்?

7. சரிவராவிட்டால் திரும்பப் பேசும் நாள் எது?

பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது. ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி, சொன்னவர் பெயரையும் எழுதி வையுங்கள். கிலோக் கணக்கையும் வீட்டில் ஒரு கொப்பியில் குறியுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இதைச் செய்து கொடுக்கும். மூன்று மாதக் கணக்கு கையில் இருந்தால், "குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்லத் தேவையில்லை. "இவ்வளவு குறைஞ்சிருக்கு" என்று சொல்லலாம். அந்தப் பேச்சுக்கு மரியாதை வேறு.

இன்னொரு விஷயம். மலையில் கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தலைவர் போகட்டும், மாதர் தலைவியும் கட்டாயம் போகட்டும். பிள்ளை மடுவம் திறக்கும் நேரத்துக்கும் புதிய வேலை நேரத்துக்கும் பொருந்துமா என்ற கேள்வி ஓர் அம்மாவுக்குத்தான் முதலில் தோன்றும்.

வேலை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை

கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார், வெளிக்கள உத்தியோகத்தர்கள் பலரும் இந்த இதழை வாசிக்கிறீர்கள். உங்கள் நிலைமை மத்தளம் மாதிரி, இரண்டு பக்கமும் இடி. மேலே இருந்து கட்டளை வரும், கீழே இருந்து கோபம் வரும். ஆகவே, கட்டளை உங்களிடம் வரும்போதே மேற்சொன்ன ஏழு கேள்வியையும் நீங்கள் மேலே கேளுங்கள். உங்களுக்கே பதில் தெரியாத ஒன்றைப் பிரட்டில் அறிவித்தால், உங்கள் வார்த்தையின் மதிப்புக் குறைந்துவிடும்.

புதிய முறையை முதலில் ஒரு சிறு மலையில், விரும்பி வருகிற பத்துப் பேரோடு செய்து பாருங்கள். அவர்கள் குறை சொன்னால் அது உங்களுக்குக் கிடைத்த இலவச ஆலோசனை. நன்றாக நடந்தால் அந்தப் பத்துப் பேரே மற்றவர்களுக்குச் சொல்வார்கள். துரை ஆயிரம் முறை சொல்வதைவிட, பக்கத்து நிரையில் நிற்கும் அக்கா ஒரு முறை சொல்வது மனதில் ஏறும்.

தோட்டத்து எல்லா மாற்றத்தையும் நாம் தடுக்க முடியாது. எல்லாவற்றையும் தடுக்க வேண்டும் என்பதும் இல்லை. மண் களைத்துப்போகிறது, வேலைக்கு ஆள் குறைகிறது, பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள். பழையபடியே எதுவும் இருக்காது. ஆனால் தீவகத்துச் சீவல் தொழிலாளியின் மரமும் கத்தியும் மாறாமலே அவருடைய நிலை மாறியதைப் பார்த்தோம். அளக்கும் இடத்திலும் தீர்மானிக்கும் இடத்திலும் அவருக்கு ஓர் இருக்கை கிடைத்ததால் அது நடந்தது. நம் தோட்டத்தில் வரும் எந்த மாற்றத்திலும் அந்த இருக்கையைக் கேட்பது நம் உரிமை. கிடைத்தால், கொப்பியும் பென்சிலுமாகப் போய் அதில் உட்காருவது நம் கடமை.

கூடிப் பேசுவதற்கு

லயத்து வாசலிலோ, மாதர் சங்கக் கூட்டத்திலோ, வாலிபர் கழகத்திலோ இவற்றைப் பேசிப் பாருங்கள்.

1. கடந்த ஐந்து வருடத்தில் நம் தோட்டத்தில் வந்த மாற்றங்களில் நன்றாக நிலைத்தது எது? அதை யார், எப்படி அறிவித்தார்கள்?

2. நிலைக்காமல் போனது எது? வருமானம், திறமை, கூட்டாளி, மரியாதை என்ற நான்கில் எந்த இழப்பு அங்கே இருந்தது?

3. அடுத்து வரக்கூடிய ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கேள்விகளில் எதற்கு இப்போதே பதில் தெரியும்? எதை யாரிடம் போய்க் கேட்க வேண்டும்? போகப் போகும் இரண்டு பேர் யார்?